பாய்லரை அணைத்த அண்ணி

என் அண்ணி சலவைக்கடை நடத்துகிறார். பக்கத்திலிருக்கும் பெரிய விடுதியின் படுக்கை விரிப்பும் துண்டும் எங்களிடம்தான் வரும். அண்ணி துவைப்பார், நான் இஸ்திரி போட்டு மடிப்பேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து எனக்கு அந்த மேசைதான்.

கோடை தொடங்கியபோது அண்ணி எல்லாரிடமும் சொல்லிவிட்டு பாய்லரை அணைத்தார். மழை வரும்வரை கடை கிடையாது. அதுவரை தாங்களே துவைத்துக்கொள்வதாக விடுதியில் சொன்னார்கள்.

"கை கால் நல்லாத்தானே இருக்கு? எதுக்கு ஓய்வு?" என்றார் அண்ணன்.

"படுக்கையில விழுந்தப்புறம் கிடக்கிறதுக்குப் பேரு ஓய்வாங்க? பைபிள்ல ஏழாம் வருஷம் நிலத்தையே சும்மா விடச் சொன்ன ஆண்டவரு, என்னைய மட்டும் துவைச்சுக்கிட்டே இருன்னா சொல்லுவாரு?"

"அப்ப இவ?" என்று என்னைக் காட்டினார்.

"அவளுக்கும் சேர்த்துத்தான்."

கடைச்சாவியை என்னிடம் கொடுத்து, "நானே கேட்டாலும் தராதே" என்றார்.

சும்மா இருப்பது அண்ணிக்குச் சுலபமாக இல்லை. ஆலயத்தில் கண்ணை மூடி ஜெபிக்கும்போதே, பக்கத்திலிருந்த யாரோ ஒரு அம்மாவின் சால்வையை விடுதித் துண்டு மாதிரி மூன்றாக மடித்து வைத்துவிட்டார். "இஸ்திரி எப்பம்மா போடுவே?" என்று அந்த அம்மா கேட்க, பெஞ்சே சிரிப்பில் குலுங்கியது.

விடுதியில் சமாளிக்க முடியவில்லை போலும். ஒருநாள் வண்டிக்காரர் வாசலில் மூட்டைகளை இறக்கினார்.

"இந்த ஒரு தடவை மட்டுங்க்கா. இல்லாட்டி வேற கடை பார்த்துக்குவோம்னு மேனேஜர் சொல்லச் சொன்னாரு."

அவர் போய்விட்டார். எல்லாம் ஈரத் துண்டு. அப்படியே கிடந்தால் கரும்புள்ளி விழும், விழுந்தால் போகாது. அண்ணி மூட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"சாவி எங்கடி?"

தர மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒரு தடவைதானே, கொடேன்" என்றார் அண்ணன்.

அண்ணி என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "வண்டியை எடுங்க" என்றார் அண்ணனிடம்.

மூட்டைகள் எதிர்த்தெருச் சலவைக்கடைக்குப் போயின. அந்தக் கடைக்காரரும் நாங்களும் பேசியே பல வருடம்.

"மழை வர்ற வரைக்கும் விடுதி வேலையை நீங்க பாருங்கண்ணே" என்றார் அண்ணி.

"அப்புறம் திருப்பித் தரலைன்னா?"

"அதை அப்ப பார்த்துக்கலாம்."

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார் அண்ணி. முகம் வெளிறியிருந்தது. கட்டிலில் ஒரு துண்டு கசங்கிக் கிடந்தது. அவர் கை அதன் பக்கம் போய், பாதியில் மடிக்குத் திரும்பியது. நான் எடுக்கப் போனேன்.

"விடுடி, அதுவும் ஓயட்டும். நீ வந்து உட்காரு."

உட்கார்ந்தேன்.