பல்லரோவில் வாங்கிய முடிவெட்டும் மெஷின்

பல்லரோச் சந்தையில் வாங்கிய முடிவெட்டும் மெஷினைப் பெட்டியோடு தூக்கிக் காட்டினார் காம்பியாக்காரர். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்து உணவகமொன்றில் அவர் கோப்பை கழுவினார், நான் மரக்கறி வெட்டினேன். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இத்தாலியன்தான். அவர் சொன்னதை என் பேச்சிலேயே எழுதுகிறேன்.

மெஷின் ஊரிலிருந்த தம்பிக்கு. அவர்களுடையது கச்சான், அதுதான் நிலக்கடலை, விதைக்கும் குடும்பம். மழை முன்னைப்போல் இல்லை. கச்சான் பிடுங்கிவிட்டால் மிச்ச மாதங்களில் வேலையும் இல்லை. இந்த முறை பிடுங்கியதும் தானும் கடல் வழியாக வெளிக்கிடப்போவதாகத் தம்பி சொல்லிவிட்டான். அண்ணன் அந்தக் கடலில் வந்தவர். அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். "தோட்டத்தோட இன்னொரு தொழிலும் இருந்தால் அவன் அங்கை நிப்பான்," என்றார்.

எல்லாம் சரி. "உங்கட ஊரில கரண்ட் இருக்கோ?" என்று கேட்டேன். மனுசன் நுரைக் கையோடு பெட்டியைத் திறந்து வயரின் செருகியைப் பார்த்தார். ஐயோ பாவம், இஞ்சை சுவரில் செருகிப் பழகிவிட்டார்! சண்டைக் காலத்தில் வன்னியில் சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட எனக்கு முதலில் வருவதே அந்தக் கேள்விதான். "சோலார் தகடு ஒண்டும் சேத்து அனுப்புங்கோ. ஃபோனுகளும் சார்ஜ் பண்ணலாம்," என்றேன். ஊருக்குப் போன ஒருவர் இரண்டையும் கொண்டுபோனார்.

சில மாதம் கழித்துப் படம் வந்தது. மாமரத்தின் கீழ் வாங்கில் வரிசையாகக் குந்திய ஆட்கள், தகட்டைச் சுற்றி ஃபோன்கள், நடுவில் மெஷினோடு தம்பி. மழைக்குக் கச்சான், மழை விட்டால் முடிவெட்டு. "அவன் வரமாட்டானாம்," என்று சொன்னவர் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அன்றிலிருந்து அவர் முடி வெட்டவில்லை. தம்பிதான் வெட்ட வேணுமாம். "என்ன, கோயில் நேர்த்திக்கடனோ?" என்று பகிடி பண்ணுவேன். ஆனால் பெர்மெஸ்ஸோ, இஞ்சை தங்குவதற்கான அனுமதி, கிடைக்காமல் ஊருக்குப் போனால் திரும்பி வரேலாது. முடி தோளைத் தொட்டது. பிறகு நான் பக்கத்து ஊரான பகேரியாவில் வேலைக்கு மாறிவிட்டேன்.

போன கிழமை பல்லரோவில் யாரோ "சொரெல்லா!" என்று, சகோதரி என்று, கூப்பிட்டார்கள். அவரேதான். தலை ஒட்ட வெட்டியிருந்தது, இடது காதுக்கு மேலே கொஞ்சம் கோணல். எனக்கு வேறொன்றும் கேட்கத் தேவைப்படவில்லை.

அவர் அந்தக் கோணலைத் தடவிச் சிரித்தார். "அண்ணன் எண்டும் பாக்கேல்லை. மாமரத்துக்குக் கீழ வரிசையில இருத்திப்போட்டான்."