முதல் சொல் அக்காவுக்கு

நாலாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்கிற அக்கா காலையில் தள்ளுவண்டியை லிஃப்ட்டிலிருந்து வெளியே இழுத்ததும் கண்ணை மூடிச் சற்று நிற்பாள். "ஆண்டவனே, இந்த மாடியில தூங்கி எழுந்தவங்க எல்லாரும் நல்லபடியா வீடு போய்ச் சேரணும்" என்று வேண்டிக்கொள்வாள். முகம்கூடத் தெரியாத விருந்தாளிகளுக்காக வேண்டுகிற ஒரே ஆள் அந்த ஓட்டலில் அவள்தான். வேண்டி முடித்ததும் வலது முழங்காலைத் தடவிக்கொள்வாள். அதற்கென்று தனியாக வேண்டுவதில்லை. கடவுளுக்குக் கண் இருக்கிறது, பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள்.

முழங்காலோ நாளுக்கு நாள் முரண்டு பிடித்தது. குளியல் தொட்டியைத் தேய்க்க மண்டியிட்டால், எழுந்திருக்கச் சுவரும் குழாயும் சேர்ந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. "இனிமே மண்டி போடாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மண்டி போடாமல் அந்த வேலை இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் மாடி சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனார். சூப்பர்வைசருக்கு நடையும் பார்வையும்தான் வேலை. விரிப்பின் மூலை மடிந்திருக்கிறதா, கண்ணாடியில் கறை இருக்கிறதா என்று நின்றபடியே பார்க்கலாம். அந்த வேலை கிடைத்தால் அக்கா ஓட்டலில் இருப்பாள். இல்லையென்றால் வருஷம் திரும்புவதற்குள் வீட்டோடு முடங்க வேண்டியதுதான்.

தடங்கல் ஒன்றே ஒன்று, ஆங்கிலம். கோபத்தோடு நிற்கிற விருந்தாளிக்கு முன்னால் சூப்பர்வைசர்தான் போய்ப் பேச வேண்டும்.

வரவேற்பு மேசைக்காரர் மதிய ஓய்வில் துணி அடுக்கும் அறையில் பாடம் எடுத்தார். துவைத்து வந்த துண்டு மூட்டைகள்தான் நாற்காலி. அவர் கற்றுக்கொடுத்ததெல்லாம் ஜோடி ஜோடியான சொற்கள். டீப்லி ரிக்ரெட்டட் என்றால் ரொம்ப ஆழமாக வருந்தப்படுகிறது. பேட்லி டேமேஜ்ட் என்றால் மோசமாகச் சேதமாகிவிட்டது. கிரேட்லி அப்ரிஷியேட்டட் என்றால் பெரிதும் பாராட்டப்படுகிறது, ஸ்ட்ரிக்ட்லி ஃபர்பிடன் என்றால் கண்டிப்பாகத் தடை என்று வரிசையாக வரும்.

"ஜோடி மாத்தக் கூடாது. டீப்லி டேமேஜ்ட்னு சொன்னா விருந்தாளி சிரிச்சிடுவார்" என்றார்.

"நம்ம பேச்சும் அப்படித்தானே சார்" என்றாள் அக்கா. "விழுந்து விழுந்து சிரிக்கலாம், விழுந்து விழுந்து தூங்க முடியுமா? தூக்கம்னா அடிச்சுப் போட்ட மாதிரிதான். நெருப்பு கொழுந்துவிட்டு எரியும், துணி தொப்பலாத்தான் நனையும். கொழுந்துவிட்டு நனைஞ்சுதுன்னு யாராவது சொல்வாங்களா?"

துண்டு மூட்டைகள் மேல் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மேசைக்காரரும் சிரித்தார். "அதேதான் அக்கா. முன் சொல்லும் பின் சொல்லும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. பிரிக்கக் கூடாது."

பிறகு இன்னொன்றும் சொன்னார். "நான் உடைச்சேன், அவ எரிச்சான்னு எப்பவும் சொல்லாதீங்க. உடைஞ்சது, எரிஞ்சது, வருந்தப்படுகிறது. அவ்வளவுதான். ஆள் பேரே வரக் கூடாது."

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. "யாரு வருத்தப்படுறாங்கன்னு சொல்லாம எப்படி சார் மன்னிப்பு?"

பக்கத்து மூட்டையிலிருந்து சிட்டு அவள் விலாவில் இடித்தாள். "ரொம்ப வசதியான பாஷைக்கா இது. யாரும் மாட்ட மாட்டாங்க."

சிட்டு அக்காவோடு ஒரே வண்டி தள்ளுகிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தலையணைக்கு உறை மாட்டத் தெரியாமல் அழுதவள். குருவி மாதிரி வாய் ஓயாது என்பதால் அக்காதான் அந்தப் பட்டப்பெயரை வைத்தாள். வாடகை வீடு கிடைக்கும்வரை அக்கா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம்.

பெரிய கட்டிலுக்கு விரிப்பு போட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். இருவரும் சேர்ந்து உதறினால் விரிப்பு குடை மாதிரி எழும்பி மெத்தையில் இறங்கும். அந்த இடைவெளியில் படிக்கலாம் என்பது சிட்டுவின் யோசனை. அக்கா உதறும்போது முன் சொல்லைச் சொல்ல வேண்டும், விரிப்பு இறங்குவதற்குள் சிட்டு பின் சொல்லைத் திருப்பித் தர வேண்டும்.

"டீப்லி!" என்று அக்கா வீசுவாள்.

"ரிக்ரெட்டட்!" என்று அந்தப் பக்கம் மூலை மடியும்.

"பேட்லி!"

"டேமேஜ்ட்! அக்கா, மெதுவா. முழங்காலும் பேட்லி டேமேஜ்ட் ஆயிடப் போகுது."

"உன் வாயிலதான்டி ஸ்ட்ரிக்ட்லி ஃபர்பிடன்னு எழுதி ஒட்டணும்."

இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து பார்ப்பார்.

ஒருநாள் அக்கா கேட்டாள். "இன்னிக்கு நான் பின் சொல்லைச் சொல்றேனே. மாத்திக்கலாமா?"

"சேச்சே, நீங்க பெரியவங்க. முதல் சொல் உங்களுக்குத்தான். நான் வால் பிடிச்சுக்கிட்டு வர்றேன்."

அந்த மரியாதை அக்காவுக்குப் பிடித்திருந்தது. "சூப்பர்வைசர் வேலைக்கு நீயும் பேரு கொடேன்டி. யாருக்குக் கிடைச்சா என்ன" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். சிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "நல்லா இருக்கே! உங்களுக்கு எதிரா நானா? நீங்க சூப்பர்வைசர் ஆகி என்னை அதட்டணும். அதைப் பார்க்கத்தான் இருக்கேன்."

பஸ் டிப்போவில் டயர் மாற்றும் அக்காவின் புருஷன், வீட்டில் அவள் முணுமுணுப்பதைக் கேட்டுக் கேலி செய்தார். "என்ன, டீப்லியோட நின்னுட்ட? மீதி எங்க?"

"மீதி சிட்டுகிட்ட இருக்குங்க" என்றாள் அவள், சிரித்தபடி.

இன்டர்வியூ நாளன்று அக்கா சீருடையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். கடவுள் படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றாள். மேலாளர் அம்மா அவளை உட்காரச் சொன்னார். மேசைமேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார்.

"விருந்தாளியோட சட்டையில இஸ்திரி சூடு பட்டு ஓட்டை விழுந்துடுச்சு. அவர் கத்துறார். நீங்க என்ன சொல்லுவீங்க?"

இது தெரிந்த கேள்விதான். அக்கா நிமிர்ந்தாள். "டீப்லி…" என்றாள்.

சொல்லிவிட்டு நின்றாள். அவள் கைகள் மடியிலிருந்து தாமாக எழும்பியிருந்தன, இல்லாத ஒரு விரிப்பின் விளிம்பைப் பிடித்தபடி. எதிர்ப் பக்கத்துக் குரலுக்காக அவள் காது காத்திருந்தது. அந்தப் பக்கத்தில் மேலாளர் அம்மாவும் ஒரு பூ ஜாடியும்தான் இருந்தார்கள்.

"சொல்லுங்க. டீப்லி…?"

"பேட்லி…" என்றாள் அக்கா. அதுவும் அந்தரத்தில் நின்றது. முன் சொற்கள் எல்லாம் வரிசை கட்டி வந்தன, எதற்குப் பின்னாலும் பின் சொல் வரவில்லை. கடைசியில் கையைக் கூப்பிவிட்டாள். "மன்னிச்சிடுங்கம்மா. நான்தான் பார்த்திருக்கணும்னு சொல்லிடுவேன்."

மேலாளர் அம்மா வருத்தமாகப் புன்னகைத்தார். "அப்படி 'நான்'னு சொல்லக் கூடாதுன்னுதானே பாடம்?"

கதவைத் திறந்து வெளியே வந்தால், வராந்தா நாற்காலியில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். புது கிளிப் மாட்டி, தலையைப் படிய வாரியிருந்தாள்.

தனக்குத் துணையாகத்தான் வந்திருக்கிறாள் என்று ஒரு கணம் அக்காவின் மனசு குளிர்ந்தது. "ஏண்டி, உனக்கு இப்ப மூணாவது ரூம் வேலை இருக்கே" என்றாள். சிட்டு எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கிளிப்பை அக்கா சரியாகப் பார்த்தாள்.

"நீ வரலைன்னு சொன்னியே."

"பேரு கொடுத்துட்டாங்கக்கா. கூப்பிட்டுட்டாங்க. அதான்…"

"யாரு கொடுத்தாங்க?"

சிட்டு சீருடைப் பொத்தானைத் திருகினாள். மேலாளர் அம்மா கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். "அடுத்து நீங்கதானா? வாங்க. அறிவிப்பு ஒட்டின அன்னிக்கே முதல் ஆளா வந்து பேரு கொடுத்தவங்களாச்சே!"

முதல் ஆள் என்றால் அக்காவுக்கும் முன்னால். கட்டிலுக்கு இருபுறமும் நின்று படிக்கலாம் என்ற யோசனை பிறப்பதற்கும் முன்னால்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. நகர வேண்டும் என்றுதான் அக்கா நினைத்தாள், முழங்கால் நகரவில்லை. உள்ளே அதே கேள்வி கேட்கப்பட்டது. "டீப்லி ரிக்ரெட்டட்" என்றாள் சிட்டு, முன்னும் பின்னும் ஒரே மூச்சில். "பேட்லி டேமேஜ்ட்" என்றாள். வால் மட்டும் பிடித்தவளிடம் தலையும் பத்திரமாக இருந்தது. அப்புறம் அவள் சொன்னதுதான் அக்காவை அறுத்தது. "நம்ம பேச்சும் அப்படித்தானேம்மா. நெருப்பு கொழுந்துவிட்டு எரியும், துணி தொப்பலாத்தான் நனையும்…"

மேலாளர் அம்மா விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் வராந்தாவரை கேட்டது.

அன்று மாலை விஷயத்தைக் கேட்ட புருஷன் கேலி செய்யவில்லை. கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம வீட்டுல கை நனைச்ச பொண்ணாச்சே. கூடவே இருந்து குழி பறிச்சுட்டாளே."

"விடுங்க. அவளுக்கும் வயிறு இருக்கு."

"வயிறு இருக்குன்னு வாசல்ல நின்னு கேட்டிருக்கலாமே. நீயே கொடுத்திருப்ப."

அவர் சொன்னது சரிதான், கொடுத்திருப்பாள். நேரே வந்து "அக்கா, நானும் போட்டி போடுறேன்" என்று சொல்லியிருந்தால், இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து, தலையும் வாரி அனுப்பியிருப்பாள். சூப்பர்வைசர் வேலை கைநழுவியதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் விரிப்பு மேலே எழும்பியபோது தன் எதிரே சிரித்த முகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில் எது நிஜம், எது நடிப்பு என்று எந்தச் சலவையிலும் பிரித்தெடுக்க முடியவில்லை. காலையில் எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்கிறவள், சிட்டுவின் பெயர் வரும் இடத்தில் நாக்கு தடுக்கி நின்றாள். "இதையும் நீங்களே பார்த்துக்குங்க" என்று ஆண்டவனிடம் விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் புதிய சூப்பர்வைசர் நாலாம் மாடிக்கு வந்தாள். அக்காவுக்கு ஜோடி இன்னும் போடவில்லை. பெரிய கட்டிலுக்குத் தனியாக விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இழுத்து, சுற்றிப் போய் அந்தப் பக்கம் இழுத்து, முழங்கால் ஒவ்வொரு சுற்றுக்கும் முனகியது.

சிட்டு கதவருகே நின்று பார்த்தாள். பிறகு கையிலிருந்த சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, பழைய இடத்தில், கட்டிலின் அந்தப் பக்கம் வந்து விளிம்பைப் பிடித்தாள். இரண்டு பேரும் உதறினார்கள். விரிப்பு எழும்பி, காற்றை வாங்கிக்கொண்டு நின்றது.

"…ரிக்ரெட்டட்" என்றாள் சிட்டு, தரையைப் பார்த்தபடி. சொல்லிவிட்டு, முன் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

அந்தச் சொல் அக்காவின் நாக்கு நுனியில் இருந்தது. அத்தனை நாள் பழக்கம், தானாகவே வந்துவிடும் போல இருந்தது. அக்கா உதட்டைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்தினாள். விரிப்பு சத்தமில்லாமல் மெத்தையில் இறங்கியது.

சிட்டு தன் பக்கத்து மூலையை அவசரமாக மடித்துச் செருகிவிட்டு நிமிர்ந்தாள். கண் ஈரமாக இருந்தது. "அக்கா, ஏதாவது சொல்லுங்களேன்."

"மூலை சரியா மடியல, மேடம்" என்றாள் அக்கா.

பிறகு முழங்காலைப் பிடித்தபடி கட்டிலைச் சுற்றிப் போய், அவள் செருகிய மூலையை உருவியெடுத்து, தன் கையால் மறுபடி மடித்துச் செருகினாள்.