மண்ணெண்ணெய் குடித்த கண்மாய் மண்

பெட்டியின் ஆணியைப் பிடுங்கியதுமே மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அதே கோபம்தான். வயதானால் கோபம் தணியும் என்கிறவர்களுக்கு நல்ல மேலதிகாரிகள் வாய்த்திருப்பார்கள் போலிருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் நான் ஓர் ஆராய்ச்சி ஆபீசில் ஜியாலஜி அசிஸ்டென்ட். அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கண்மாயின் வயதைக் கண்டுபிடிப்பது வேலை. அடியில் தங்கிய வண்டலில் அந்தக் காலத்துச் செடி, இலையெல்லாம் மக்கிக் கிடக்கும். உயிரோடு இருந்தபோது அவை காற்றிலிருந்து வாங்கிய கார்பனில் ஒரு பங்கு, செத்த நாளிலிருந்து மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வயது தெரியும். இதுதான் ரேடியோகார்பன். சொல்லச் சுலபம். மண்ணைக் கெடுக்காமல் லேபுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போய்விடும்.

புது வேர் இறங்கியிருந்தால் வயது குறையும். சுண்ணாம்பு கலந்திருந்தால் கூடும். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. கோடையில் தண்ணீர் வற்றியதும் வயலுக்கு உரமாக வண்டி வண்டியாக வண்டல் அள்ளுவார்கள். அடுக்கெல்லாம் குலைந்துபோகும். அந்தக் கண்மாயில் மடைக்குத் தெற்கே ஒரு மூலை மட்டும் தோண்டாமல் கிடந்தது. ஊர் வழக்கப்படி அந்தக் கோடையில் அதை அள்ளும் முறை ராக்கம்மாளுக்கு. புருஷன் இறந்தபின் தனியாக வெள்ளாமை பார்த்து வந்தவர். அவருடைய வயல் சத்தில்லாத செம்மண். வண்டல் போட்டால்தான் நெல் விளையும்.

நான்தான் போய்க் கேட்டேன். “இந்த ஒரு கோடைக்கு விட்டு வைங்க அக்கா.”

“கண்மாய்க்கு வயசு தெரிஞ்சு என்ன தம்பி ஆகப்போகுது?” என்றார். பிறகு அவரே, “சரி, இம்புட்டுத் தூரம் வந்து கேக்குறீங்க. எடுத்துக்கங்க,” என்றார்.

ஆவணியில் குழி வெட்டி, சரளை தட்டும்வரை அடுக்கடுக்காக மண் எடுத்தோம். கண்ணாடி ஜாடி கேட்டேன். ஆபீஸ் துணிப்பையும் மரப்பெட்டியும் கொடுத்தது. மறுபடி எடுக்க வேண்டி வரலாம், அந்த மூலையை யாரும் தொடக்கூடாது என்று சூப்பரின்டெண்டென்ட் ஊரில் உத்தரவு போட்டார். ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பிவிட்டது. ராக்கம்மாள் வயலில் அந்தப் போகம் பாதிக்கு மேல் மணி பிடிக்காமல் சாவியாகப் போனது.

தை மாதம் ரிசல்ட் வந்தது. மேலடுக்கு மண் அடியடுக்கைவிடப் பழசாம்! மேலே கிடப்பது எப்படி மூத்ததாக இருக்கும்? ஆபீஸ் குடோனில் மிச்ச மண் இருந்த பெட்டிகளைத் திறந்தேன். அப்போது அடித்ததுதான் அந்த வாடை.

பியூனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “லேபுக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே, கரையான் ஏறுதுன்னு பெரியவருதான் ஊத்தச் சொன்னாருங்க. எல்லாப் பெட்டிக்கும் ஊத்துனேன், மேல இருந்ததுக்கு நல்லாவே ஊத்துனேன்,” என்றார்.

மேல் பெட்டியில்தான் மேலடுக்கு மண் இருந்தது. மண்ணெண்ணெய் பூமிக்கடியில் எத்தனையோ யுகம் கிடந்து வந்தது. அளக்க வேண்டிய கார்பன் அதில் துளிகூட மிஞ்சியிருக்காது. பாலில் தண்ணீர் ஊற்றிய கதைதான்; கார்பன் குறைவாகத் தெரிய, வயது கூடிவிடும். லேபில் ஆசிட் போட்டுக் கழுவியும் போகவில்லை.

சூப்பரின்டெண்டென்ட் அறைக்குள் போய்க் கத்தினேன்.

“எதுக்குய்யா குதிக்கிறே? வயசு கூடினா ஊருக்குத்தானே பெருமை? பெரிய நம்பரையே ரிப்போர்ட்ல போடு.”

“அது கண்மாயோட வயசு இல்ல சார். நாம ஊத்துன எண்ணெயோட வேலை.”

“அப்ப நீ கையெழுத்துப் போட வேண்டாம். நானே போட்டுக்கிறேன்.”

போட்டார். மாசியில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூட்டம் வைத்து, மாலையும் வாங்கிக்கொண்டு அந்தப் பொய் வயதை மைக்கில் சொன்னார். கூட்டம் கைதட்டியது. ராக்கம்மாளும் சந்தோஷமாகத் தட்டினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் ராக்கம்மாளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் முகம் இறுகிப்போனது.

“அப்ப என் வெள்ளாமை போனது ஒரு சீசா மண்ணெண்ணெய்க்கா?”

“வர்ற கோடைக்கும் விட்டு வைங்க அக்கா. லீவு போட்டு நானே வந்து எடுக்கிறேன்.”

“எடுத்து? மறுக்கா அந்த ஆளுகிட்டத்தானே கொண்டுபோய்க் குடுப்பீங்க?”

அந்த ஆளைத் தாண்டி ஒரு பிடி மண்ணைக்கூட லேபுக்கு அனுப்ப எனக்கு அதிகாரம் கிடையாது.

இருந்தாலும் மனசு கேட்காமல் வைகாசியில் லீவு போட்டுவிட்டுப் போனேன். கண்மாய் வற்றியிருந்தது. தெற்கு மூலையில் வண்டிகள் நின்றன. சரளை தெரியும்வரை வழித்து அள்ளியிருந்தார்கள். ராக்கம்மாள் கையிலிருந்த கூடையை வண்டியில் கொட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

“என் முறை தம்பி,” என்றார்.

“ஆமாக்கா,” என்றேன்.

அந்தக் கண்மாயின் உண்மையான வயது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ராக்கம்மாள் மேல் எனக்கு இம்மியும் கோபம் இல்லை. ஃபீல்டுக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் பையில் கட்டிக்கொண்டு வருவது இன்னொருவர் வயலுக்குப் போக வேண்டிய மண். அதைக் கெடுத்துவிட்டு, இன்னொரு பிடி கொடுங்கள் என்று போய் நின்றால் யாரும் தரமாட்டார்கள். தரவும் கூடாது.