நல்லையா அண்ணனின் கொப்பியில் ஏறாத கடிதம்

நல்லையா அண்ணனோடு நான் பதினொரு வருஷம் பேசவில்லை. பலாங்கொடைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தபால்காரர் அவர். வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்தில் இருபத்திரண்டு வீடு, விலாசம் ஒன்றுதான். யார் யாருக்கு எழுதினார்கள் என்று ஒரு கொப்பியில் குறித்துவைத்து, பதில் வந்ததும் உரிய வீட்டில் கொடுப்பார். எனக்கு வந்த ஆசிரியர் நேர்முகக் கடிதத்தை மட்டும் கொடுக்கவில்லை. என்னோடு சேர்த்து இராஜம் என்று தோட்டத்தில் மூன்று பேர். யாருடையதென்று தெரியாமல் அது ஆபீஸ் பெட்டியிலேயே கிடந்து, நேர்முக நாளும் தாண்டிப்போனது. நான் டவுனில் ஒரு கடையில் தையல்காரியானேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

கடிதங்கள் குறைந்ததும் அவர் வீடுகளுக்கு இன்டர்நெட் ரவுட்டர் பூட்டும் வேலை பழகினார். என் செவலைப் பசுவுக்காகத்தான் மறுபடி வாயைத் திறந்தேன். போன வருஷம் நான் கடையில் இருந்த நேரம் ஈன்று, கன்று மூச்சடைத்துச் செத்தது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை, எல்லாரும் கொழுந்து பறிக்க மலையில். இந்த முறை மாட்டுப் பட்டியில் ஒரு பழைய கேமரா வைத்தேன்.

"ரவுட்டரும் நம்ம கொப்பி மாதிரிதான் தங்கச்சி. வீட்டுல எத்தனை போன் இருந்தாலும் வெளியில ஒரே விலாசம். உள்ளேயிருந்து யார் கேட்டாங்கன்னு குறிச்சு வச்சு பதிலைக் கொடுக்கும். கேக்காம வர்றதை வாசல்லயே தள்ளிடும்" என்றார்.

"அப்ப நான் கடையில இருந்து மாட்டை எப்படிப் பாக்குறது?"

"வெளியிலருந்து இந்த இலக்கத்துல வந்தா பட்டிக் கேமராவுக்குக் கொடுன்னு ரவுட்டருக்குச் சொல்லிவச்சிட்டேன்."

என் அடுப்படியிலேயே போனில் காட்டினார். செவலை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அடடா, எனக்கு ஒரே சந்தோஷம்!

மறுநாள் கடையில் பார்த்தால் திரை கறுப்பு. "ஒங்களுக்கு ஒரு காரியமாவது உருப்படியா செய்யத் தெரியுமா?" என்று போனில் நான் கத்தியதில் கடைக்கார நூரியா மெஷினையே நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டு வைஃபைலயே பாத்துட்டு ஆடிட்டேனே! பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குக் கையால கடுதாசி கொடுத்துட்டு தபால் போகுதுன்னு சொன்ன கதை. இன்னொன்னு, இன்டர்நெட் கம்பெனியும் நம்ம லயம் மாதிரி நூறு வீட்டை ஒரே விலாசத்துக்குள்ள அடைச்சிருக்கு. அவங்க கொப்பியில நான் எழுத முடியாதே."

"அப்ப அவ்வளவுதானா?"

"வெளியிலிருந்து உள்ள வர முடியாட்டி உள்ளேயிருந்து வெளிய போவோம். கேமரா முதல்ல வெளியில பொதுத் தபாலாபீஸ் மாதிரி இருக்கிற ஒரு சேர்வருக்கு எழுதட்டும். ஒன் போனும் அங்கயே போய்க் கேக்கட்டும்."

படத்தை வெளியே அனுப்ப, கேமராவோடு சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டினார். இந்த முறை என் போனில் வைஃபையை நிறுத்தச் சொல்லி, என்னை ரோட்டுக்கே கூட்டிப்போய்த்தான் பார்த்தார்.

வியாழக்கிழமை பதினொரு மணி. திரையில் செவலை படுத்துவிட்டது, கன்றின் கால் தெரிகிறது. "ஐயோ, அண்ணே, ஓடுங்க!" என்று கடையிலிருந்து போனில் கத்தினேன். மேல் லயத்தில் வயர் இழுக்கக் கூரைமேல் நின்றவர் எப்படி இறங்கினாரோ, ஐந்தே நிமிஷத்தில் பட்டிக்குள் நின்றார். தன் சட்டையைக் கழற்றிக் கன்றின் மூக்கைத் துடைத்தார். அது தும்மியது. கொஞ்ச நேரத்தில் தடுமாறி எழுந்து நின்றது. நான் அழுதேன், சிரித்தேன், நூரியாவைக் கட்டிக்கொண்டேன்.

போன் அடித்தது. "பொட்டக்கன்னு தங்கச்சி! இந்தத் தடவை சரியான வீட்டுல சேத்துட்டேன்."

இனியும் என்னால் மறைக்க முடியவில்லை. "அண்ணே, அந்த ஆசிரியர் வேலை விண்ணப்பத்தை நான் ஒங்ககிட்ட கொடுக்கவே இல்ல. வேலை கெடைக்காட்டி லயமே சிரிக்குமேன்னு நான்தான் களவா டவுன்ல போய்ப் போட்டேன்."

 திரையில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது.

"அதானே! கொப்பியில ஒம் பேரே இல்லையேன்னு பதினொரு வருஷமா தேடிக்கிட்டு இருக்கேன்!"