மாமா பிரான்சுக்குப் போன சனிக்கிழமைகள்

எங்கள் மாமா ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிரான்சுக்குப் போய், ஆறரை மணிக்குத் திரும்பி வந்து, எங்களோடு இருந்து புட்டுச் சாப்பிட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. இதில் நம்பமுடியாதது ஏதும் இருக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

நாங்கள் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்தோம். மாமா அம்மாவின் தம்பி. படகில் வந்து, முகாமில் கிடந்து, கடைசியில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தவர். கிழமை நாட்களில் ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். எங்கள் கராஜில் கார் நின்று நான் கண்டதில்லை. அரிசி மூட்டை, பொங்கல் பானை, அப்பா வாங்கி இரண்டு தரம் பாவித்த புல்லுவெட்டும் மெஷின், இவற்றுக்கு நடுவில் மாமாவின் சைக்கிள். அதன் பின்சில்லை ஓர் இரும்புத் தாங்கியில் மாட்டியிருந்தார். மாமா உழக்க உழக்கச் சில்லு சுற்றும், சைக்கிள் நின்ற இடத்தில் நிற்கும். அதற்கு முன்னால், மரக் கதிரை ஒன்றின் மேல், பழைய ரீவி.

அந்த ரீவியில்தான் பிரான்ஸ் வரும். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், நடுவில் ஒடுங்கிய தார்ப்பாதை, ஒரு வாகனம் கிடையாது. காடு முடிந்தால் கல்வீடுகள் உள்ள ஓர் ஊர் வரும். பழங்காலத்துத் தேவாலயம், யன்னலெல்லாம் பூச்சட்டி, சதுக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. மனிதர் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பிறகு திரும்பவும் காடு. படத்தின் அடியில் ஒரு சைக்கிள் ஹாண்டிலும், நீலக் கையுறை போட்ட இரண்டு கைகளும் தெரியும்.

அந்தக் கைகள் மாமாவுடையவை என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் கராஜில் இருந்த மாமாவின் கைகள் வெறுங்கைகளாக இருந்தன. இங்கே ஒன்றும் அங்கே ஒன்றுமாக ஓர் ஆளுக்கு இரண்டு சோடிக் கைகள் எப்படி என்று யோசித்து யோசித்து எனக்குத் தலை இடித்தது. இன்னொரு குழப்பமும் இருந்தது. இங்கே ஜூலை மாதக் குளிர், கராஜ் கதவுக்கு வெளியே பொழுது பட்டுக்கொண்டிருக்கும். அங்கேயோ காலை வெயில் இலைகளுக்குள்ளால் விழுந்துகொண்டிருக்கும். அம்மாவிடம் கேட்டேன். அம்மா குசினியில் புட்டு அவித்தபடியே, "மாமா பிரான்சிலை நிக்கிறார், போய்க் கரைச்சல் குடுக்காதை" என்றா. அதற்குமேல் நான் என்ன நினைப்பது?

போதாக்குறைக்கு மாமா ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். விழ முடியாத சைக்கிளில் ஹெல்மெட். படத்தில் ஏற்றம் வந்தால் சில்லை இறுக்கிக்கொண்டு மூசி மூசி உழக்குவார். படத்தில் சைக்கிள் நின்று நீலக் கை தண்ணீர்ப் போத்தலை எடுத்தால், மாமாவும் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார். சில நேரம் படம் அப்படியே உறைந்துபோகும். அப்போது மாமா காலை ஊன்றி, மரங்களைப் பார்த்தபடி அசையாமல் நிற்பார். நடுக்காட்டில் மாமா அம்பிட்டுப்போனார் என்று நான் பயந்து, படம் திரும்ப அசையும்வரை என் மூச்சையும் பிடித்துக்கொண்டு நிற்பேன். பேச்சு அநேகமாக இராது. ரீவிக்குள்ளிருந்து யாரோ மூச்சு வாங்கும் சத்தம் வரும், மாமாவும் மூச்சு வாங்குவார். எப்போதாவது மாமா மெல்ல, "இஞ்சேர், பள்ளம் வருது, பாத்து" என்பார்.

அந்தக் கைகள் மாமியுடையவை. மாமாவின் மனைவி, மாமா பெயர் சொல்லாமல் "இஞ்சேர்" என்று கூப்பிட்டவ. இது எனக்கு முழுதாக விளங்கியபோது நான் நன்றாக வளர்ந்துவிட்டேன். நீங்கள் என்னைப்போல் அலையவேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாமா படகேறியபோது மாமி இலங்கையில், ஊரில் இருந்தா. இங்கே அகதி விண்ணப்பம் நிரப்பியபோது, மனைவியின் பெயரைக் கொடுத்தால் அங்கே ஆமிக்காரர் அவவைத் தேடிப் போவார்கள் என்று பயந்து, "கலியாணம் கட்டாதவர்" என்ற கட்டத்தில் மாமா சரி போட்டுவிட்டார். அடுத்த வருடம் மாமி எப்படியோ பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தா. காட்டோரத்துச் சிறிய ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை. இனி உண்மையைச் சொன்னால், முதலில் சொன்னது பொய்யென்று ஆகிவிடும். ஒரு பொய் பிடிபட்டால் மற்றதெல்லாம் யார் நம்புவார்கள்? கையில் இருந்த தற்காலிக விசாவும் போய்விடும், மாமாவைத் திருப்பி அனுப்பியும் விடலாம். ஆகவே மாமி இல்லை. மாமா இந்த நாட்டை விட்டு வெளியே போகவும் வழியில்லை, போனால் திரும்ப விடமாட்டார்கள். கண்டவர் கேட்டவர் வாயில் விழுந்துவிடாமல், சனிக்கிழமைகளில் கராஜுக்குள் இருந்து மனைவியோடு சோடியாகச் சைக்கிள் ஓடினார். மாமி தன் போனை ஹாண்டிலில் பூட்டி வீடியோ கோலில் பாதையைக் காட்டுவா, மாமாவின் போன் அதை ரீவியில் போட்டு, மாமாவை அங்கே காட்டும். யாரும் கேட்டால் மாமா சைக்கிள் படம் பார்க்கிறார் என்று சொல்லவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

யாரும் என்றால் முக்கியமாகப் பிளாக்டவுன் அன்ரி. பக்கத்து ஊரான பிளாக்டவுனிலிருந்து வந்து அம்மாவோடு கோயிலில் பூக் கட்டுபவ. நல்ல மனுசிதான், ஆனால் அவவிடம் சொன்னால் லவுட்ஸ்பீக்கரில் சொன்னமாதிரி என்று அப்பா சொல்லுவார். மாமா தனி ஆள், நிரந்தர விசாவும் இல்லை, ஒரு சிற்றிசன் பெண்ணைக் கட்டினால் எல்லாம் சரிவரும் என்பது அன்ரியின் கணக்கு. மாதத்துக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவருவா. அம்மா ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்டுச் சொல்லுவா. சாதகம் பொருந்தவில்லை, தம்பிக்குத் தடிமன், தும்மல், இப்படி.

அந்தச் சனிக்கிழமையும் அன்ரி ஒரு நேர்ஸ் பிள்ளையின் படத்தோடு வந்து குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. நான் கராஜில் அரிசி மூட்டைமேல் இருந்தேன். படத்தில் இறக்கம். நீலக் கைகள் ஆடின, பாதை சரிந்தது, மரங்கள் தலைகீழாகப் புரண்டன. பிறகு ரீவி முழுக்க இலையும் வானமும். சத்தமே இல்லை.

மாமா, "இஞ்சேர்" என்றார். பிறகு உரத்து, "இஞ்சேர், இஞ்சேர்" என்றார். பதிலில்லை. அப்போது மாமா செய்ததுதான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. அவர் இறங்கவில்லை. எழும்பி நின்று உழக்கத் தொடங்கினார். இரும்புத் தாங்கி நிலத்தில் கிடந்து துள்ள, சில்லு கத்த, முகம் முழுக்கக் கண்ணீரும் வேர்வையுமாக, விழுந்த இடத்துக்கு ஓடிப்போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதுபோல உழக்கினார். படத்தில் இலைகள் அசையாமல் இருந்தன. இவ்வளவு வேகமாக ஓடியும் ஏன் பாதை நகரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

சத்தம் கேட்டு அம்மாவும் அப்பாவும் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கையில் கோப்பையோடு அன்ரி. அந்த நேரம் பார்த்து ரீவியில் ஒரு பெரிய கறுப்பு மூக்கு வந்து முகர்ந்தது. நாய். நாயைத் தள்ளிவிட்டு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் போனை எடுத்தார். கராஜுக்குள் ஹெல்மெட்டோடு அழுதுகொண்டிருந்த மாமாவைப் பார்த்து அவர் திகைத்துத்தான் போயிருப்பார். ஏதோ பிரெஞ்சில் சொன்னார். மாமா இங்கிலிஷில் கெஞ்சினார். கிழவர் வார்த்தை தேடித் தேடி, "யூ... ஹூ? ஃபமிலி?" என்று கேட்டார்.

மாமா திரும்பி வாசலைப் பார்த்தார். அங்கே அன்ரி நின்றா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினா. கிழவர் திரும்பவும், "ஃபமிலி?" என்றார்.

"ஹஸ்பண்ட்," என்றார் மாமா. "ஐ ஆம் த ஹஸ்பண்ட்."

கிழவர் தலையாட்டி, போனைக் கீழே பிடித்தார். முதல் தடவையாக ஒரு முகத்தைக் கண்டேன். தலைமயிரில் இலை ஒட்டி, உதடு வெடித்து, ஒரு கையை மற்றக் கையால் தாங்கியபடி ஒரு பெண் பாதையோரத்தில் இருந்தா. அவ நோகிறது என்று சொல்லவில்லை.

"ஏன் சொன்னனீங்கள்?" என்று மாமாவைக் கேட்டா.

மாமா ஹாண்டிலில் தலையை வைத்து விம்மினார். கிழவர் அம்புலன்சுக்கு அடித்துவிட்டு, அது வரும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை முறிவுதான், உயிருக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்குள் எல்லோரும் அன்ரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்குக் கோயிலில் சுண்டல் கொடுத்து முடிவதற்குள் சிட்னி முழுக்கத் தெரிந்துவிடும் என்று அப்பாவின் முகத்தில் எழுதியிருந்தது. அன்ரி ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து முடித்தா. நேர்ஸ் பிள்ளையின் படத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தா.

"நான் என்னத்தைக் கண்டனான்? சைக்கிள் படம் ஒண்டு ஓடினது," என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கொழுவிக்கொண்டு போனா. அன்ரி இன்றுவரை அதை ஒருவரிடமும் வாய்விடவில்லை. கண் முன்னாலே நடந்த ஒன்றைப் படம் என்று ஏன் சொல்லுகிறா என்று நான் குழம்பினேன்.

ஆகவே எல்லாம் தப்பியது என்றுதான் அம்மா நினைத்தா. ஆனால் திங்கட்கிழமை மாமா வேலைக்குப் போகவில்லை. வழக்கறிஞரிடம் போய்த் தனக்குக் கலியாணமாகிவிட்டது என்று சொல்லப்போவதாகச் சொன்னார். அம்மா கத்தினா, அழுதா, அன்ரி சொல்லமாட்டா, நீ ஏன் உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போடுகிறாய் என்று கேட்டா.

"ஒருக்கா வாயாலை சொல்லிப்போட்டன் அக்கா," என்றார் மாமா. "இனித் திருப்பி விழுங்க ஏலாது."

போய்ச் சொன்னார். அதற்காக இன்னும் ஐந்து வருடம் கூடக் காத்திருந்தார், அந்த ஐந்து வருடமும் குடிவரவுத் திணைக்களத்தின் கடிதம் வரும் நாட்களில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. காத்திருந்துதான் நிரந்தர விசாவைப் பெற்றார். ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த சனிக்கிழமையைப் பற்றி.

அன்று நாலு மணிக்கே மாமா கராஜைத் திறந்து, சைக்கிளைத் தாங்கியிலிருந்து கழற்றினார். சில்லுக்குக் காற்று அடித்தார். ஹெல்மெட் போட்டார். தன் போனை, முன்னால் பாதை தெரியும்படி, ஹாண்டிலில் பூட்டினார். பிரான்சில் மாமி கையில் மாக்கட்டோடு யன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாமா படலையைத் தாண்டித் தெருவில் ஏறினார். மாமா உழக்க, சைக்கிள் உண்மையிலேயே நகர்ந்ததை அன்றுதான் கண்டேன்.

மாமா பிழையான பக்கம் போகிறார், பிரான்ஸ் கராஜுக்குள் அல்லவா இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தா. பார்த்தால் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஒருவராவது இந்த வீட்டில் ஒழுங்காக ஒன்றைச் சொன்னால் என்ன? நான் ஓடிப்போய்த் தாங்கியை நேராக வைத்து, மாமா திரும்பி வந்ததும் போகட்டும் என்று ரீவியையும் போட்டுவிட்டு வந்தேன்.

மாமா தூரம் போகவில்லை. எங்கள் தெரு முனையில் இருந்த ரவுண்டபவுட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிச் சுற்றி, இது பெற்றோல் அடிக்கிற செற், இது பிள்ளையின் பள்ளிக்கூடம், இங்கே இடப்பக்கம்தான் ஓடவேண்டும் என்று உரத்து உரத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நடு நடுவில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கராஜுக்குள் நான் ஒருநாளும் கேட்டிராத பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. குப்பைவாளி வைக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்று பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏன் மாமா இப்படித் தெருவெல்லாம் கேட்கக் கத்துகிறார், முந்தி மாதிரி உள்ளே வந்து சத்தமில்லாமல் கதைக்கலாமே என்று நினைத்தேன்.