ஷத்தோ வாசலில் அப்பா

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பிரெஞ்சுக்காரர்களுக்கு யாருடைய படுக்கையறையையாவது எட்டிப் பார்த்தாக வேண்டும். செத்துப்போன பிரபுவின் அறை என்றால் இன்னும் விசேஷம். வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, கட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இந்த மாளிகைகளுக்கு ‘ஷத்தோ’ என்று பெயர். கல்யாணமாகி இங்கே வந்த எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கொல்லிமலையிலிருந்து வந்திருந்த அப்பாவை லுவார் ஆற்றுப் பக்கம் கூட்டிப்போனதில் ஓர் உள்நோக்கமும் இருந்தது. மலையில் அரியூர் நாடு என்கிற எங்கள் ஊர்ப்பகுதியில் அவர் ஒண்டியாக இருக்கும் வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடச் சம்மதிக்க வைக்க வேண்டும். பழைய வீட்டைக் காட்டியே ஒரு தேசம் பிழைப்பதைப் பார்த்தால் மனம் மாறாதா?

முதல் மாளிகையில் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிட்டோம். அடுத்தது சிறியது. வாசலில் சீட்டுக் கொடுத்த, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர்காரர்தான் அந்த மாளிகைப் பிரபு வம்சத்தின் வாரிசு. அதை அப்பாவிடம் சொல்லித் தொலைத்தேன். மனிதர் படியிலேயே நின்றுவிட்டார்.

“ஊட்டுக்காரரு எதுத்தாப்புல நிக்கறாரு. வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், கண்ணு.”

பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். எங்கள் மலையில் ‘வாங்க’ சொல்லாமல் ஒரு வீட்டுக்குள் யாரும் கால் வைப்பதில்லை. பலாப்பழ வியாபாரிக்கும் அப்பா வாங்க சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்து, அதன் பிறகுதான் சண்டை பிடிப்பார். இதையெல்லாம் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? “நீங்கள் மனசு வைத்தால்தான் அப்பாவால் உள்ளே வர முடியும்” என்றேன். பிரபு அப்பாவின் கால்களைப் பரிதாபமாகப் பார்த்தார். உள்ளே ஓடிப்போய் ஒரு சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். மிளகு பறிக்க இன்றைக்கும் மரம் ஏறுகிறவருக்கு!

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. “பாத்தியா, சேரே போட்டுட்டாரு. பெரிய மனுசன்.” கும்பிட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

உள்ளே எல்லா அறைக்கும் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. வெளியே போகும் வழி என்று நினைத்து அப்பா ஒரு கதவைத் திறந்தார். சின்ன அறை. மடக்குக் கட்டில், மின் அடுப்பு, கொடியில் காயும் காலுறைகள். மாளிகை முழுவதையும் சூடாக்கக் கட்டுபடியாகாது, வாசலில் பார்த்த பிரபு இங்கேதான் குடியிருப்பார் என்றேன்.

“பொறந்த ஊட்டுல, பின்னால ஒரு மூலையிலயா?” என்றார் அப்பா. கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

என் திட்டம் பாழ் என்று நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன். பாதி வழியில் அவராகவே பேசினார்.

“செரி சாமி, ஊட்டை வாடகைக்கு உட்டுரலாம். அத்தாம் பெரிய மனுசனே மூலையில இருக்கறப்ப எனக்கென்ன? முன்னால இருக்கற ரூமெல்லாம் வாரவங்களுக்கு. நான் பின்னால அடுப்பாங்கரையில படுத்துக்கறேன்.”

ஜெயித்துவிட்டேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை.

“ஒண்ணு மட்டும். நீ வாரதுன்னா முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிப்போடு, கண்ணு. ரூமு காலியா இருக்கோணுமில்ல?”

குத்திக்காட்டுகிறாரா என்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் பிறந்த வீட்டில் எனக்கு எந்த ரூமை ஒதுக்கலாம் என்று நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.