கமலாத்தாளின் தை விருந்து

என் மனைவியைப் பற்றி நானே பெருமை பேசினால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முதலமடையில் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். மார்கழியில் வீட்டுத் தோட்டம் போட்டு ஜெயித்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அவள் பெயர் கமலாத்தாள். அவளைக் கட்டிக்கொண்ட ஆறுச்சாமி நான்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கார்த்திகை பிறந்தால் மலை இடைவெளி வழியாகக் கிழக்கிலிருந்து புகுந்து, தை கடைசி வரை ஓயாது. துணி காயப்போட்டால் கொடியோடு போய்விடும். உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த முதல் வருஷம், கமலாத்தாள் ஆள் உயரத்துக்கு அவரைப் பந்தல் போட்டாள். மார்கழி மூன்றாம் நாள் பந்தல் பக்கத்துத் தோப்பில் கிடந்தது. நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "இந்த ஊருக்கு மாங்காதான் லாயக்கு. உங்கூரு வித்தையெல்லாம் இங்க செல்லாது" என்றேன்.

மறு வருஷம் பந்தலை இடுப்பளவுக்கு இறக்கிவிட்டாள். கிழக்கே அகத்தியை நெருக்கமாக நட்டு, சோளத்தட்டில் மறைப்புக் கட்டினாள். காற்று பந்தலுக்கு மேலே போயிற்று. கீழே அவரை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ஒரே சங்கடம், காய் பறிக்கக் குந்தி உட்கார்ந்து நகர்ந்துதான் போக வேண்டும். இருபத்தேழு வருஷமாக அப்படித்தான் போகிறாள். ஒருமுறை கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீசிலிருந்து வந்த அதிகாரி உள்ளே நுழைந்து தலையில் இடித்துக்கொண்டார். தடவிக்கொண்டே போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்.

குளிர் மாதங்களில் எங்கள் வீட்டுச் சாப்பாடே வேறு. பச்சை மொச்சையை உரித்துப் போட்டு அரிசியும் பருப்பும் சேர்த்துச் சாதம் ஆக்குவாள். அவரைக்காய்ப் பொரியலில் எள்ளை வறுத்துப் பொடித்துத் தூவுவாள். சாயங்காலம் தோப்பிலிருந்து காற்றில் விறைத்துப் போய் வந்தால் டம்ளரில் கொள்ளு ரசம். அதைக் குடித்த பிறகுதான் எனக்குக் காது கேட்கவே ஆரம்பிக்கும்.

போன வைகாசியில் எங்கள் மகள் ஜீவிதாவைச் சிவப்பிரகாஷுக்குக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளையின் அப்பா பொங்கியண்ணன் ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கல்யாணப் பந்தியில் யாரோ கமலாத்தாளின் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல, "காத்துல ஆளே நிக்க முடியாத ஊருல அவரை காய்க்குதாக்கும்!" என்று பெரிதாகச் சிரித்தார்.

கமலாத்தாள் சாம்பார் வாளியைக் கீழே வைத்தாள். "தை மாசம் விருந்துக்கு வாங்ணா. எலையில வெக்கற காய் ஒன்னு வுடாம எந்தோட்டத்துதாத்தான் இருக்கும். சந்தைக்காய் ஒன்னு இருந்தாலும் நீங்க எந்திரிச்சுப் போயிரலாம்" என்றாள். பந்தியே கேட்டது.

ஆடியில் விதைத்தாள். மார்கழி பிறந்தபோது அவரை, மொச்சை, கத்தரி, தக்காளி என்று தோட்டம் நிறைந்து நின்றது. தை மூன்றாம் நாள் விருந்து என்று முடிவாயிற்று. பொங்கியண்ணன் பழனிக்கு மாலை போட்டிருந்தார். அதனால் கோழி அடித்து ஒப்பேற்றவும் வழியில்லை. எல்லாம் காய்கறியை நம்பித்தான்.

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மார்கழியில் மா பூக்கும். பூவில் தத்துப்பூச்சி விழும். மருந்தடிக்காமல் இங்கே யாரும் மாங்காய் பார்ப்பதில்லை. விடிந்ததும் ஒரு மணி நேரம் காற்று அடங்கியிருக்கும். அதற்குள் அடித்துவிட வேண்டும் என்பது எங்கள் தோப்பில் சின்னப் பையனுக்கும் தெரியும். அன்றைக்கு மருந்தடிக்கிற ஆட்கள் மிஷினோடு வந்து சேரும்போதே மணி பத்து. விட்டால் இனி ஒரு வாரம் கழித்துத்தான் வருவோம் என்றார்கள். எனக்குக் கொல்லங்கோட்டில் வேலை இருந்தது. "அடிச்சுட்டுப் போங்கப்பா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தால், தோப்புக்கு மேற்கே இருக்கும் தோட்டம் முழுக்க மருந்து வாடை. அவரை இலைகளில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாகக் காய்ந்திருந்தது. நடுவில் கமலாத்தாள் நின்றிருந்தாள்.

"ஏனுங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்தீங்களா?"

"ரெண்டு வாரம் போனா மருந்தோட வேகம் போயிரும் கமலா. கழுவி ஆக்கிக்கலாம். விருந்துக்குத்தான் இன்னும் இருவத்தெட்டு நாள் இருக்குதல்லொ."

"அப்படீன்னா கெணத்தோர மரத்துக்கு மட்டும் ஏனுங்க நீங்க மருந்தடிக்கறதில்ல?"

தோப்பில் முந்நூறு மரம் இருந்தாலும் எங்கள் வீட்டுக்குள் வருவது அந்த ஒரு மரத்து மாங்காய்தான். அதை ஒதுக்கி வைத்தவனே நான்.

ஒன்றரை நாள் அவள் பிடுங்கினாள். காயும் பூவுமாக எல்லாவற்றையும். மாட்டுக்கும் போடவில்லை, குழி வெட்டிப் புதைத்தாள். அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குத்தான் பார்க்க முடியவில்லை, வீட்டுக்குள் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு மேற்குப் பக்கம் நிறுத்தியிருந்த என் ஜீப்பை எடுக்கச் சொன்னாள். சுவர் மறைப்பதால் அங்கே காற்றும் வராது, தோப்பிலிருந்து எதுவும் வராது. வருஷக்கணக்காக டயர் ஏறி இறுகிப்போன மண். நானே கடப்பாரை போட்டுக் கொத்திக் கொடுத்தேன். அவள் கட்டி உடைத்துப் பாத்தி பிடித்தாள். முளைக்கீரையும் வெந்தயமும் முள்ளங்கியும் விதைத்தாள். அவ்வளவு நாளுக்குள் வேறு எது வரும்?

விருந்தன்று காலையில் நான் பொள்ளாச்சிக்குப் போய் முதல் தரமான அவரையும் கத்தரியும் இரண்டு பை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தேன். "ஆருக்குத் தெரியப்போகுது? ஆக்கிரு" என்றேன்.

ஒரு காயை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். "நல்ல காய்தானுங்க. தோப்பு ஆளுகளுக்குக் குடுத்துருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சம்மந்தி முன்னால மூக்கறுபடோணுமா?"

"அறுபட்டா என்ற மூக்குத்தானுங்க. நீங்க போயி எல அறுத்துட்டு வாங்க."

பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பெரிய தலைவாழை இலை, அதில் நாலே வகை. கார்த்திகையிலேயே பறித்துப் பரணில் வைத்திருந்த அரசாணிக்காயில், அதாவது மஞ்சள் பூசணியில், பொரியல். முளைக்கீரைக் கடைசல். பிஞ்சு முள்ளங்கியும் அதன் இலையும் வெந்தயக்கீரையும் சேர்த்துப் பருப்புக் கூட்டு. போன வருஷம் வேலியோரம் விளைந்த கொள்ளில் ரசம். இலையில் முக்கால்வாசி இடம் காலியாகக் கிடந்தது. ஜீவிதா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கியண்ணன் இலையை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தார். "எங்கம்மிணி, அந்தப் பேர் போன அவரைக்காயி?"

"புடுங்கிப் போட்டுட்டனுங்ணா. மேல மருந்து பட்டுருச்சு."

"ஆரடிச்ச மருந்து?"

கமலாத்தாள் குனிந்து ரசத்தை ஊற்றினாள். அவள் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை முன்னால் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது?

"நாந்தான் மச்சான்" என்றேன். "காத்தோட மருந்தடிக்க வுட்டது நானு. இன்னிக்குக் காலைல சந்தைக்காய் ரெண்டு பை வாங்கியாந்ததும் நானு. அதை அவ எலைக்கு வுடல. இதுல இருக்கறது நாலுதான். நாலும் அவ வெளைய வெச்சது."

பொங்கியண்ணன் பிசைந்த கையை நிறுத்திவிட்டார். "அடுத்த மருந்து எப்ப?" என்றார்.

"வர்ற வாரம்."

கமலாத்தாள் கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, அடுப்படிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்தை நிறுத்தச் சொல்லி இதுவரை அவள் என்னிடம் கேட்டதில்லை. அப்போதும் கேட்கவில்லை.

"தோட்டத்தோரம் இருக்கற மூணு வரிசைக்கு இனி மருந்தில்ல" என்றேன். "காய்ச்சது காய்க்கட்டும். மத்த மரத்துக்கும் இனி விடியால காத்து அடங்கினாத்தான். நானே கூட நிப்பேன்."

பிறகு பொங்கியண்ணன் சோற்றை நகர்த்தி இடம் பண்ணினார். "அம்மிணி, அந்தக் கீரைய இன்னொருக்கா வெய்யி" என்றார். அதற்கப்புறம் இரண்டு முறை கேட்டார். கடைசியில் சட்டி வழிக்க வேண்டியதாயிற்று. கிளம்பும்போது ஜீப் நின்ற இடத்துப் பாத்திகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விதை கேட்டு வாங்கி வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார். கல்யாணத்தில் சிரித்த மனிதர், அன்றைக்குக் கமலாத்தாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

மறுநாள் காலையில் எழுந்து வெளியே வந்தால் கமலாத்தாளைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். கிழக்கே, வெறும் மண்ணாகக் கிடந்த பழைய தோட்டத்தில், அந்த மூன்று வரிசை மாமரங்களுக்கு நேர் எதிரே, மண்ணைக் கிளறிப் போட்டு வெண்டை விதை ஊன்றிக்கொண்டிருந்தாள். மருந்து மிஷின் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. என் ஒரு வார்த்தையை நம்பி விதைக்கிறாள்.